பச்சை விளக்கிடம் கேள்வி கேட்டவள்

சுலக்ஷனாவுக்கு ஹட்டனில் வேலை கிடைத்த செய்தி, பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவளுடைய அம்மா பூரணியின் வாய்வழியாகத்தான் பரவியது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ, மகள் அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். மகள் ஃபோனில் நீளமாகச் சொன்னதில் மனத்தில் நின்ற இரண்டே சொற்களை அம்மா எடுத்து விட்டாள்: ஹெல்த் செக். அது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலக்ஷனா கணவனோடும் குழந்தையோடும் அம்மா இருக்கிற லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வந்து இறங்கியபோது வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கையில் இரத்தம் பரிசோதித்த துண்டுச்சீட்டு. இன்னொருவர் பிரஷர் பார்க்க வசதியாகச் சட்டைக் கையை முன்கூட்டியே மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் பாக்குறது மனுசரோட ஹெல்த் இல்லீங்க மாமா. கொம்பியூட்டர்ல ஒரு வேலை ஓடிக்கிட்டு இருக்கும், அது நல்லா ஓடுதான்னு பாக்குறதுக்கு ஒரு கருவி இருக்கு. அந்த இடத்துலதான் நான் இருக்கேன்."

சட்டைக் கையை மடித்தவர் அதை இறக்கிவிட்டுக்கொண்டார். அப்படியானால் கொம்பியூட்டருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வருமா என்று கேட்டார். வராது, ஆனால் மயக்கம் வரும் என்றாள் சுலக்ஷனா. எல்லாருமாகச் சிரித்தார்கள். துண்டுச்சீட்டோடு வந்தவருக்கு, தெரிந்த மட்டில் வாசித்துக் காட்டி, கிளினிக்கில் டொக்டரிடம் கட்டாயம் காட்டச் சொல்லி அனுப்பினாள். அம்மா மட்டும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "எதோ ஒண்ணோட சொகத்தப் பாக்குதுதானே, நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு ரொட்டி சுடப் போய்விட்டாள்.

சுலக்ஷனாவைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவள் கேள்விகளைப் பற்றித்தான். சின்ன வயதில் அப்பா பழனியாண்டிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தேயிலை பக்டரிக்குள் நுழைந்து, இலை ஏன் வாட வேண்டும், வாடியதை ஏன் உருட்ட வேண்டும், உருட்டியது எப்படிக் கறுக்கிறது என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்துக்கொள்வாள். அப்பா சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு இயந்திரச் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விடை கிடைக்கிறதோ இல்லையோ, கேட்டுவிட வேண்டும் அவளுக்கு.

பெண் பார்க்க வந்த நாளிலும் வாய் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை கிஷாந்த் கொட்டகலைக்காரன், ஹட்டன் ஸ்டேஷன் அருகே ஓட்டோ ஓட்டுகிறவன். இரண்டு பேரும் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் கொஞ்சம் விலகி நின்றபோது, ஓட்டோ பின்னால் போகும்போது மீட்டர் கூடுமா குறையுமா என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எதையாவது சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனவன், மறுநாள் ஒரு வெறும் மைதானத்தில் ஓட்டோவைப் பின்னாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, கூடத்தான் செய்கிறது என்று ஃபோன் எடுத்துச் சொன்னான். அந்த ஃபோன் பேசி முடிந்ததும் அவள் அம்மாவிடம் சம்மதம் என்றாள். இப்போது அவர்களுக்குக் கேஷிகா என்று ஐந்து வயதில் ஒரு மகள், அவளும் கேள்விதான்.

வேலை செய்கிற இடம் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு சாரிக்கடைக்கு மேல்மாடி. கொழும்பில் தலைமை ஒபிஸ் உள்ள ஒரு மென்பொருள் கொம்பனியின் கிளை. அவர்கள் நடத்துகிற தளத்துக்குச் சந்தைப்பாலம் என்று பெயர். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து விவசாயிகள் தங்களிடம் இருக்கிற கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி போன்ற காய்கறிகளை அதில் பதிவார்கள். ஹோட்டல்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பார்கள். இரண்டையும் பொருத்தி, எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்று லொறிக்காரர்களின் ஃபோனுக்கு மெசேஜ் போகும். சுலக்ஷனா முன்பு ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக இருந்தவள். பிறகு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய் ஒரு டிப்ளோமா எடுத்து, இங்கே வாடிக்கையாளர்களின் ஃபோனுக்குப் பதில் சொல்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் லோஜினி. இரண்டு பேருக்கும் எதிரே சுவரில் ஒரு பெரிய திரை. அதில் தளத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கட்டம். நன்றாக ஓடினால் பச்சை, விழுந்தால் சிவப்பு. அதுதான் ஹெல்த் செக். பச்சையாக இருந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் சீசனில் ஒரு காலை, நுவரெலியாவில் ஹோட்டல் அறைகளெல்லாம் நிரம்பி வழிகிற நேரம். திரை முழுக்கப் பச்சை. ஃபோன் மட்டும் ஓயாமல் அடித்தது. முதலில் ஒரு ஹோட்டலின் பெரிய சமையல்காரர், சிங்களத்தில், மரியாதையாகத்தான் கேட்டார், என்னுடைய கரட் எங்கே என்று. அடுத்தது கந்தப்பளையிலிருந்து ஒரு விவசாயி: மூட்டைகளை விடியக்காலையிலேயே ரோட்டோரம் கொண்டுவந்து வைத்துவிட்டேன், லொறியைக் காணவில்லை. அதற்கு மேல் லோஜினியின் ஃபோனும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தது.

கிளையின் பொறுப்பாளர் நிரோஷன் வந்து திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சை. மென்பொருளின் நிரல்களை எழுதுகிற பையன் திலக்ஷன், நம் பக்கம் பிழையில்லை, லொறிக்காரர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்றான். சுலக்ஷனா தனக்குப் பழக்கமான ஒரு லொறிச் சாரதிக்கு ஃபோன் எடுத்தாள். அவர் கடையில் ஆறுதலாகப் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். மெசேஜ் ஒன்றும் வரவில்லை, இன்று லீவு என்று நினைத்தேன் என்றார்.

அப்புறம்தான் போய்ப் பார்த்தார்கள். மெசேஜ் அனுப்புகிற பாகம் முந்தின நாளே விழுந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த அதிக நேரம் பிடிக்கவில்லை. லொறிகள் புறப்பட்டன. சமையல்காரர் அன்று மத்தியானம் கரட் இல்லாத ஒரு சலாதைப் புதுப் பெயர் வைத்துப் பரிமாறியதாகப் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் நிரோஷனுக்கு மனம் ஆறவில்லை. விழுந்து கிடந்த பாகத்துக்கு எப்படிப் பச்சை எரியும்? அந்தக் கருவியை எழுதிய ஜனகன் மெல்பேர்னுக்குப் போய் நாளாயிற்று. மற்றவர்களுக்கு அது ஒரு சுவர்ப்படம் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர் இல்லை.

சுலக்ஷனா அன்று சாயங்காலம் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சை என்று யார் முடிவு செய்கிறார்கள்? எதைப் பார்த்து? எப்போது பார்த்து? திலக்ஷனிடம் கேட்டாள், லோஜினியிடம் கேட்டாள், மூன்றாவது முறை நிரோஷனிடமே போய்க் கேட்டாள்.

"எங்க யாருக்கும் தெரியாது, சுலக்ஷனா. நீங்கதான் இவ்வளவு கேக்குறீங்க, நீங்களே தொறந்து பாருங்களேன்" என்றார் அவர். எரிச்சலில் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அரைநாள் ஃபோனை லோஜினி மட்டும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொடுத்தார். ஆகவே நம்பித்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஜனகனுக்கு ஃபோன் எடுத்தாள். அவர் நலம் விசாரித்தார், ஹட்டனில் மழையா என்று கேட்டார். கருவியைப் பற்றிக் கேட்டதும், அது நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சரி என்று அவளே கருவியின் தரவுத்தளத்தைத் திறந்தாள். பயந்துகொண்டுதான் திறந்தாள். உள்ளே இருந்தவை நாலே அட்டவணைகள். ஒரு பெரிய பங்களாவுக்குள் நுழையப் போகிறோம் என்று நினைத்தவளுக்கு லயத்து அறைபோல ஒன்று கிடைத்ததில் உடனே தைரியம் வந்தது.

முதல் அட்டவணையில் தளத்தின் பாகங்கள்: ஓடர் எடுப்பது, விலை சொல்வது, லொறி பொருத்துவது, மெசேஜ் அனுப்புவது என்று வரிசைக்கு ஒன்று. இரண்டாவதில் பரிசோதனைகள்: எந்தப் பாகத்திடம் போய் என்ன கேட்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். மூன்றாவதில் விடைகள்: ஒவ்வொரு தடவை கேட்டபோதும் எந்தப் பரிசோதனை கேட்டது, எந்த நேரத்தில், என்ன பதில் வந்தது. நாலாவதின் தலைப்பு, எந்தப் பாகம் எந்தப் பாகத்தை நம்பி நிற்கிறது என்பது. அதைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. ஜனகன் இடம் ஒதுக்கிவிட்டு நிரப்பாமல் போயிருக்கிறார்.

பச்சையைத் தேடினாள். நாலு அட்டவணையிலும் நிறம் என்று ஒன்று எங்கேயும் எழுதப்படவில்லை. இது அவளை ஒருநாள் முழுக்க அலைக்கழித்தது. சுவரில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிற ஒன்று உள்ளே இல்லையே. வீட்டில் கேஷிகாவின் கலர் பென்சில்களை வாங்கிக்கொண்டு, பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கட்டங்களைப் போட்டு, எது எதோடு சேர்கிறது என்று கோடிழுத்துப் பார்த்தாள். கேஷிகா அம்மாவின் கட்டங்களுக்கெல்லாம் கண்ணும் காலும் வரைந்துவிட்டாள். கிஷாந்த் அதைப் பார்த்துவிட்டு, இதில் யார் பொய் சொல்கிற ஆள் என்று கேட்டான். யாருமே பொய் சொல்லவில்லை, அதுதான் விளங்கவில்லை என்றாள் சுலக்ஷனா.

விளங்கியது மறுநாள், திலக்ஷனோடு உட்கார்ந்து திரையின் நிரலை வாசித்தபோது. நிறம் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. திரை ஒவ்வொரு தடவையும் விடை அட்டவணைக்குப் போய், அந்தப் பாகத்தைப் பற்றிக் கடைசியாக வந்த விடை எது என்று பார்க்கிறது. அது நல்ல விடையென்றால் பச்சை. அந்த விடை இன்று வந்ததா, போன மாதம் வந்ததா என்று அது கேட்பதே இல்லை. நேரம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது; வாசிக்கத்தான் ஆளில்லை.

சுலக்ஷனா மெசேஜ் பாகத்தின் கடைசி விடையைத் தேடி எடுத்தாள். பெப்ரவரி மாதத்து விடை. திலக்ஷனின் முகம் மாறியது. பெப்ரவரியில் அந்தப் பாகத்தைப் புது மெஷினுக்கு மாற்றும்போது பரிசோதனையை நிறுத்தி வைத்தது அவன்தான். திரும்ப ஓடவிட மறந்துபோயிருந்தான்.

"நான்தான் அக்கா நிப்பாட்டினேன்" என்றான் மெதுவாக.

"நீங்க நிப்பாட்டினது சரிதான் தம்பி. நிப்பாட்டி வச்சிருக்குன்னு அந்தத் திரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே ஞாபகம் வந்திருக்கும். அதுக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாள் அவள்.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், சோதித்துப் பார்க்க வைத்திருக்கிற மாதிரித் தளத்தில் ஒரு பரிசோதனையை நிறுத்தினார்கள். பிறகு அந்தப் பாகத்தையே அணைத்தார்கள். திரையில் பச்சை, அசையாமல், அழகாக எரிந்தது. சுலக்ஷனா வாய்விட்டுச் சிரித்தாள். கீழே சாரிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்களாம்.

இதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. அட்டவணைப் படத்தைத் திரையில் போட்டால் கொட்டாவி விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆட்களையே நிறுத்தினாள். லோஜினிதான் மெசேஜ் பாகம். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். திலக்ஷன் பரிசோதனை, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை லோஜினியிடம் போய், நல்லா இருக்கீங்களா என்று கேட்க வேண்டும். வந்த பதிலைச் சுலக்ஷனா வெள்ளைப் பலகையில் எழுதுவாள். நிரோஷன் திரை. அவர் லோஜினியைப் பார்க்கவே கூடாது. சுவரைப் பார்த்து நின்று, பலகையில் கடைசியாக உள்ள பதிலை மட்டும் திரும்பிப் பார்த்து நிறம் சொல்ல வேண்டும்.

திலக்ஷன் கேட்டான். லோஜினி, நல்லா இருக்கேன் என்றாள். நிரோஷன் பச்சை என்றார். இரண்டாவது தடவையும் பச்சை. அப்புறம் சுலக்ஷனா திலக்ஷனைக் கீழே கடைக்கு அனுப்பி எல்லாருக்கும் வடை வாங்கி வரச் சொன்னாள். அவன் படியிறங்கியதும் லோஜினிக்குக் கண்ணைக் காட்டினாள். லோஜினி நாடகமே நடித்தாள்: இருமினாள், தலையைப் பிடித்தாள், நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள்.

"அண்ணே, இப்ப என்ன கலர்?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

நிரோஷன் பலகையைப் பார்த்தார். "பச்சை" என்றார். சொல்லிவிட்டு, பின்னால் கேட்ட சிரிப்பில் விதியை மீறித் திரும்பி, தரையில் கிடந்த லோஜினியைப் பார்த்தார். அவரும் சிரிக்க ஆரம்பித்தார். வடைப் பொட்டலத்தோடு வந்த திலக்ஷன் வாசலிலேயே நின்று, என்ன நடந்தது என்று கேட்டதில் சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.

அந்த வடையைத் தின்றுகொண்டே செய்ய வேண்டியதைப் பேசி முடித்தார்கள். பச்சை, சிவப்போடு சாம்பல் என்று மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும். அதற்கு அர்த்தம் 'தெரியாது'. கேட்க வேண்டிய நேரம் தாண்டியும் புது விடை வராவிட்டால் கட்டம் சாம்பலாகிவிட வேண்டும். நிறுத்தி வைத்தால், நிறுத்தியவர் பெயரும் கட்டத்திலேயே தெரிய வேண்டும். இதைச் சொன்னது திலக்ஷன்.

காலியாகக் கிடந்த நாலாவது அட்டவணையைச் சுலக்ஷனா தானே நிரப்பினாள். எந்தப் பாகம் எதை நம்பி நிற்கிறது என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, கேட்டதைச் சரிபார்த்து, வரி வரியாகப் போட்டாள். இதற்கு நாளெடுத்தது. லொறி பொருத்துகிற பாகம் விலைப் பாகத்தையும் நம்பி இருக்கிறது என்பது அதை எழுதியவருக்கே அவள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதத்து மழையில் அதன் பலன் தெரிந்தது. முன்பெல்லாம் தரவுத்தளம் ஒன்று படுத்தால் அதை நம்பி நிற்கிற எல்லாக் கட்டங்களும் சேர்ந்து சிவப்பாகி, எதை முதலில் தூக்குவது என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். அன்று காற்றும் மழையுமாக இருந்த காலையில் திரையில் ஒரே ஒரு கட்டம் சிவந்தது. மற்றவையெல்லாம் மங்கலாகி, 'தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கிறது' என்று தங்கள் பெயருக்குக் கீழே காட்டின. திலக்ஷன் நேரே அந்த ஒன்றிடம் போனான். லோஜினி ஹோட்டல்களுக்குத் தானே ஃபோன் எடுத்து, லொறி கொஞ்சம் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னாள். அந்தப் பெரிய சமையல்காரர், இந்தத் தடவை கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டீர்களே என்று ஆச்சரியப்பட்டார். நிரோஷன் கையைக் கட்டிக்கொண்டு கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்புவதைப் பார்த்தபடி நின்றார். எல்லாம் சரியானதும் சுலக்ஷனாவின் மேசைக்கு வந்து, இனிமேல் அந்தக் கருவி உங்கள் பொறுப்பு என்றார். ஃபோன் வேலைக்கு வேறு ஒருவரை எடுத்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் தலைமை ஒபிஸிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே உள்ளவர்களும் அதே கருவியைத்தான் வைத்திருந்தார்கள். வந்து விளக்க வேண்டும். சுலக்ஷனா, கிஷாந்த், கேஷிகா மூன்று பேருமாக ஹட்டனில் கொழும்புக்கு ரயிலேறினார்கள். வழி நெடுக அவள் சிங்களத்தில் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஹட்டனில் விளையாட்டாகச் செய்ததை இவ்வளவு பெரிய இடத்தில் செய்தால் மரியாதையாக இருக்குமா என்று ஒரு தயக்கம்.

போய் நின்றதும் தயக்கமெல்லாம் போய்விட்டது. விளையாட்டின் விதிகளை அவள் சொன்னதும் அங்கிருந்த மூத்த பொறியாளர் ஒருவர், நான் திரையாக நிற்கிறேன் என்று அவராகவே எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சிங்களம் பாதி, தமிழ் கொஞ்சம், இடையிடையே ஆங்கிலம் என்று அவள் பேசிய பேச்சில் யாரும் கொட்டாவி விடவில்லை. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் கையை உயர்த்தினாள். எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிகிற அந்தக் கருவியே விழுந்துவிட்டால், அதை யார் போய்க் கேட்பது?

இத்தனை நாளில் அது சுலக்ஷனாவுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாதுங்க" என்றாள், தன்னை அறியாமல் தமிழிலேயே. பிறகு சிங்களத்தில், நல்ல கேள்வி, வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றாள். கூட்டம் கலைந்த பிறகும் அந்தப் பெண்ணோடு பலகைக்கு முன்னால் நின்று புதுக் கட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே கிஷாந்த் மகளோடு காத்திருந்து, இரண்டு முறை ஃபோன் எடுத்து, மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே மேலே வந்து கூட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம் காலிமுகத்திடலுக்குப் போனார்கள். கேஷிகா கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குப் பக்கத்தில் போவாள், அலை வந்ததும் கத்திக்கொண்டு திரும்பி ஓடி வருவாள். சுலக்ஷனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் போனாள். மூன்று பேருமாக நன்றாக நனைந்தார்கள்.